ஜொகூர்க் காட்டுப் பாலும் பல்லின் வேரும்



விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டப் போகிறவர்களுக்கு ஒரு கேள்வி. நீங்கள் மங்கில் பிடிக்கும் பாலுக்கு ஓர் அண்ணன் உண்டு, தெரியுமா? ரப்பர் இந்த மண்ணுக்கு வருமுன்பே ஜொகூர்க் காட்டில் இருந்த தாபான் மரத்தின் பால்தான் அது. மலாயில் கெத்தா பெர்ச்சா என்பார்கள்.

இரண்டுக்கும் மூலச்சரக்கு ஒன்றே. அடுக்கப்பட்ட முறைதான் வேறு. ரப்பர் இழுத்தால் நீளும். இதுவோ வெந்நீரில் போட்டால் மாவுபோல இளகும், ஆறினால் இறுகிவிடும். மலாய்க்காரர்கள் இதனால் பாராங் கத்திக்குப் பிடி போட்டார்கள். அந்தப் பிடியைக் கண்டு வியந்த டாக்டர் மான்ட்கோமரி, 1843-ல் சிங்கப்பூரிலிருந்து மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். கடலடித் தந்திக் கம்பிக்கு உறையிட இதுவே ஏற்றதாயிற்று. 1851-ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே அப்படியொரு கம்பி போடப்பட்டது. ஜொகூர்த் தெமெங்கோங் டாயிங் இப்ராகிம் இந்த வியாபாரத்தைத் தம் பிடிக்குள் கொண்டுவந்து செல்வரானார். சிங்கப்பூர் வியாபாரிகள் முணுமுணுத்தார்கள்.

மரத்தின் கதிதான் பரிதாபம். பால்மரத்தின் பட்டையைச் சீவினால் பால் ஓடிவரும். மறுபடி சீவினாலும் வரும். தாபானில் பால் தனித்தனிச் சிறு பைகளில் அடைபட்டிருக்கிறது. சீவினால் கொஞ்சம் கசிந்து நின்றுவிடும். ஆகவே பூர்வகுடி மக்கள் மரத்தையே சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாக வெட்டிப் பால் எடுத்தார்கள்.

பல் வலித்தால் பிடுங்கிப் போடுவது என்றே நம்மில் பலர் பழகிவிட்டோம். 1867-ல் அமெரிக்காவில் பௌமன் என்ற பல் டாக்டர் வேறு வழி பார்த்தார். நரம்பு செத்த பல்லின் உட்புறத்தைச் சுத்தம் செய்து, வேர்க் குழாயை இந்தப் பாலால் அடைத்தார். இன்றும் பல் டாக்டர்கள் அதற்கான மெல்லிய குச்சிகளைத்தான் பெரிதும் பயன்படுத்துகிறார்கள். குச்சியில் ஐந்தில் ஒரு பங்குதான் தாபான் வகைப் பால். மிகுதியில் பெரும்பகுதி துத்தநாகப் பொடி.

இதில் ஒரு குறை: பல்லோடு ஒட்டாது. இடுக்கில் எச்சில் கசிந்தால் கிருமியும் கூடவே போகும். அதனால் துத்தநாகப் பொடியைக் கிராம்புத் தைலத்தில் குழைத்து, குச்சியோடு சேர்த்துப் பூசினார்கள். பின்னர் பிசின் பசைகள் வந்தன. 1930-களில் வெள்ளிக் குச்சிகளையும் போட்டுப் பார்த்தார்கள். அவை வேரின் வடிவுக்கு இணங்கவில்லை. கசிந்த இடத்தில் அரித்துக் கறுத்தன.

எது நன்றாக அடைக்கிறது என்று பார்க்க, பிடுங்கிய பற்களை அடைத்து, மையில் ஊறவைத்து, பிளந்து, சாயம் எவ்வளவு தூரம் இறங்கியது என்று அளந்தார்கள். ஓரிடத்துச் சோதனையில் வென்ற பசை இன்னோரிடத்தில் தோற்றது! பின்னாளில் ஆய்வாளர்களுக்கே இம்முறையில் நம்பிக்கை குறைந்தது.

1990-ல் டொரபினெஜாட் குழுவினர் அமெரிக்காவில் மைக்குப் பதில் கிருமிகளையே விட்டுப் பார்த்தார்கள். ஒருவகைக் கிருமி 19 நாளிலும், மற்றொரு வகை 42 நாளிலும், பாதிக்கு மேற்பட்ட வேர்களின் அடிவரை போய்விட்டது. அந்தப் பற்களுக்குள் குச்சியும் பசையும் ஒழுங்காகத்தான் இருந்தன. மேலே மூடிதான் போடவில்லை.