கொக்கிளாயில் வெட்டும் பனிப்பூ: எட்டா, ஆறா?

டிசம்பரில் எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் ஒளிவிழா நடக்கும்போது மேடைத் திரையில் வெள்ளைக் கடதாசிப் பனிப்பூக்கள் ஒட்டியிருப்பார்கள். அடுத்தமுறை பார்த்தால் அவற்றின் கைகளை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் எட்டு இருக்கும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் அலங்காரங்களிலும் எட்டைக் காணலாம். வானத்திலிருந்து விழும் பனிப்பூவுக்கு எட்டுக் கை வராது. ஆறுதான், மிக அரிதாகப் பன்னிரண்டு.

ஏன் ஆறு என்று கேட்டவர்களில் ஒருவர் வானியலாளர் யொகான்னஸ் கெப்ளர். 1611இல் இதைப் பற்றியே ஒரு சிறு நூல் எழுதி, தன் புரவலருக்குப் புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்தார். அவரால் முழு விடை சொல்ல முடியவில்லை. நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோண வலையாக அடுக்கப்படுகின்றன என்பது பிற்காலத்தில்தான் தெரிந்தது. அந்த அறுகோணத்தின் மூலைகளில் ஈரம் வேகமாகப் படிவதால் ஆறு கைகள் முளைக்கின்றன. அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி 1885 ஜனவரி 15இல் ஒரு பனிப்பூவை நுணுக்குக்காட்டி வழியாகப் படம் பிடித்தார். வாழ்நாளில் 5,000க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். ஜப்பானில் நகாயா உகிச்சிரோ 1936இல் ஆய்வுகூடத்திலேயே பனிப்பூவை வளர்த்துக் காட்டினார்.

கடதாசியை மடித்து வெட்டும் கலை இதைவிடப் பழையது. சீனாவின் கடதாசி வெட்டுக்கலை 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வடஇந்தியாவின் மதுராவில் கிருஷ்ணர் கதைகளைக் கடதாசியில் வெட்டும் சாஞ்சிக் கலை இருக்கிறது. சிறுவர் வகுப்பறைக்குள் இதைக் கொண்டுவந்ததில் பெரும் பங்கு ஜெர்மனியின் பிரெட்ரிக் புரோபெலுக்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அவர் தொடங்கிய கிண்டர்கார்டனில் கடதாசி மடிப்பதும் வெட்டுவதும் பாடத்தின் பகுதியாகவே இருந்தன.

எங்கள் வீடு சைவ வீடு. டிசம்பர் என்றால் எங்களுக்குத் திருவெம்பாவை. விடியப்புறம் சங்குச் சத்தம் கேட்கும். பனிப்பூ இங்கே வந்தது ஸ்காபரோவில் இருக்கும் அக்காவின் பிள்ளைகளால். வகுப்பில் செய்ததை வட்ஸ்அப் வீடியோவில் காட்டினார்கள். நான் "பூ வடிவாக இருக்கு" என்றேன். "சித்தி, அது பூ இல்லை, ஸ்னோஃபிளேக்" என்று திருத்தினார்கள். பனி என்றால் இங்கே விடியலில் வேலியில் நிற்கும் ஈரம். அங்கே கொட்டுவதற்கு அவர்களுக்கு ஆங்கிலச் சொல்தான் இருக்கிறது. அண்ணாவின் மகள் உடனே கத்தரிக்கோலைத் தேடினாள். அதன்பிறகு ஒவ்வொரு விடுமுறையிலும் ஒரு நாள் ஒதுக்கி இரண்டு பக்கமும் சேர்ந்து வெட்டுகிறோம். இங்கே இரவு ஏழு மணி என்றால் ரொறன்ரோவில் காலை எட்டரை. எங்களுக்குச் சாப்பாட்டு நேரம், அவர்களுக்கு நித்திரை கலையாத நேரம்.

முதல் வருடம் நாங்கள் வெட்டியவை எல்லாம் எட்டுக் கை. சதுரத்தை இரண்டாக, நான்காக மடித்து, பிறகு மூலைவிட்டமாக மடித்தால் அப்படித்தான் வரும். கைக்கு அது இலகு. ஆறுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். சதுரக் கடதாசியை மூலைக்கு மூலை மடித்து முக்கோணம் ஆக்குங்கள். நீளமான மடிப்பு விளிம்பின் நடுப்புள்ளியைக் குறியுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து வலது பக்கத்தை 60 பாகைக்கு மடித்து, இடது பக்கத்தை அதன்மேல் கொண்டுவாருங்கள். மூன்று பகுதியும் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்த வேண்டும். கண்ணை நம்பாதீர்கள், பிள்ளைகளின் கொம்பாஸ் பெட்டியில் பாகைமானி இருக்கும். பிறகு அதையே நடுவால் இன்னொரு தடவை மடித்தால் 12 படை. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வால்களை வெட்டிவிட்டு, இரண்டு மடிப்பு விளிம்புகளிலும் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டுங்கள். ஒரு விளிம்பை முழுவதும் வெட்டிவிட்டால் பூ துண்டு துண்டாக விழும். விரிக்கும் வரை என்ன வரும் என்று வெட்டியவருக்கே தெரியாது. பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பது அந்த ஒரு விநாடிக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கோயில் சோடனைக்குக் குருத்தோலை மடித்து வெட்டிப் பழகிய கை. மடிப்பில் ஒன்றை வெட்டினால் விரிக்கும்போது இரண்டு என்ற கணக்கு அவருக்கு எப்போதோ தெரியும். எங்கள் வீட்டில் மிக நுணுக்கமான பூக்கள் அவருடையவை.

தடித்த கடதாசி 12 படையில் வெட்டுப்படாது. ரிசு பேப்பர் நல்லது, ஆனால் மழைக்காலத்து ஈரத்தில் சுருண்டுவிடும். அப்பியாசக் கொப்பியின் எழுதி முடித்த தாள்தான் எங்களுக்குச் சரிவருகிறது. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளில் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. அந்த வருடக் கடைசியில் எங்கள் பனிப்பூக்களில் பெருக்கல் வாய்ப்பாடும் சிவப்புப் பேனாச் சரிகளும் தெரிந்தன. அக்காவின் பிள்ளைகளுக்கு வெள்ளைப் பூக்களைவிட அவைதான் பிடித்திருந்தன. ஒட்டுவதற்குப் பட்டத்துக்குப் போல சோற்றுப் பசையே போதும். பூச்சி வரும் என்றால் கோதுமை மாப் பசையில் கொஞ்சம் உப்புச் சேருங்கள்.

டிசம்பர் எங்கள் ஊருக்கு இலகுவான மாதம் இல்லை. 1984 டிசம்பரில்தான் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஊர்களின் தமிழ் மக்கள் இராணுவ நடவடிக்கைகளால் வெளியேறினார்கள். அம்மா அப்போது பாடசாலைப் பிள்ளை. திரும்பி வந்து காணியைப் பார்க்கப் போர் முடியவேண்டியிருந்தது. அதற்குள் கால் நூற்றாண்டு போய்விட்டது. அக்காவும் நானும் பிறந்தது இடம்பெயர்ந்த இடங்களில். அக்காவின் பிள்ளைகள் கொக்கிளாயை இன்னும் நேரில் பார்த்ததில்லை. அண்ணாவின் மகள் ஸ்னோவைப் பார்த்ததில்லை. அவளுக்கு அங்குள்ள யன்னலுக்கு வெளியே பார்க்க வேண்டும். அவர்களுக்கு அம்மாவின் பின்னால் தெரியும் முற்றத்தையும், மழை பெய்தால் அதில் ஓடும் தண்ணீரையும் பார்க்க வேண்டும். ஒரு மணித்தியாலம் சும்மா கதைக்கச் சொன்னால் இந்தப் பிள்ளைகள் கதைக்கமாட்டார்கள். கையில் கத்தரிக்கோல் இருந்தால் கதைக்கிறார்கள்.

வெட்டியவற்றை யன்னல் கம்பியிலும் சவுக்கங்கிளையிலும் நூலில் தொங்கவிடுவோம். 25ஆம் திகதி இரவு அம்மா எல்லாவற்றையும் கழற்றி ஒரு பழைய அட்லசுக்குள் வைத்துவிடுவார். மறுநாள் 26. 2004இல் அன்றுதான் கடல் முல்லைத்தீவுக் கரைக்குள் வந்தது. அன்று வீட்டில் விளக்கு மட்டும் எரியும்.