நீர் குடிக்கும் அமெரிக்கன்

நம்மில் பலர் 'கலர்' என்னும் ஆங்கிலச் சொல்லைப் பள்ளியில் 'யு' சேர்த்து எழுதக் கற்றவர்கள். பிழைப்பின் பொருட்டு அமெரிக்கா சென்றவர்கள் அந்த 'யு'வை உதிர்த்துவிடுகிறார்கள். லண்டனுக்கு மாற்றல் வந்தால் மறுபடியும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஓர் எழுத்துதானே என்று நாமும் அதைக் கடந்துபோய்விடுகிறோம். ஆனால் ஒரு காலத்தில் அந்த எழுத்துக்குப் பின்னால் ஒரு நாடு இரண்டானது. சில குடும்பங்களும் இரண்டாயின. அந்தக் கதையை, இரு கரைகளிலும் வாழ்ந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினைப் பின்தொடர்ந்து சென்றால் நன்கு காணலாம்.

1724-ஆம் ஆண்டின் இறுதியில், பதினெட்டு வயதில், ஃபிராங்க்ளின் முதன்முறையாக லண்டன் வந்தார். அச்சகத்தில் வேலை. உடன் வேலை செய்தவர்கள் காலை உணவுக்கு முன் ஒரு பைண்ட் பீர், உணவோடு ஒன்று, இடையில் ஒன்று என்று நாளொன்றுக்கு ஆறு பைண்ட் குடிப்பவர்கள். பீர்தான் உடலுக்கு வலு என்பது அவர்கள் நம்பிக்கை. இவரோ வெறும் தண்ணீர் குடித்தார். எழுத்துக் கோத்த கனத்த பாரங்களை மற்றவர்கள் இரு கைகளாலும் ஒன்றாகத் தூக்க, இவர் கைக்கு ஒன்றாகத் தூக்கிப் படியேறினார். 'நீர் அமெரிக்கன்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். இவர் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மாறாக அவர்களில் சிலரைக் காலை பீரை விட்டுக் கஞ்சிக்கு மாற்றினார். இளமைக்கு ஊராரின் மதிப்பு பெரிதல்ல.

பென்சில்வேனியா சட்டசபையின் பிரதிநிதியாக 1757-இல் அவர் திரும்பி வந்தபோது நிலைமை வேறு. மின்சார ஆய்வுகளால் புகழ்பெற்றவர். பிரிட்டிஷ் பேரரசின் குடிமகன் என்பதில் பெருமை கொண்டவர். கிரேவன் தெருவில் ஒரு விதவையின் வீட்டில் தங்கினார். அவர் எழுதிய சில சொற்களைத் தத்துவ அறிஞர் டேவிட் ஹ்யூம் குறைகூற, 1760-இல் எழுதிய பதிலில் ஃபிராங்க்ளின் பணிவோடு அவற்றைக் கைவிட்டார். 'பெஜொரேட்', 'காலனைஸ்' இரண்டும் இங்கே வழக்கில் இல்லை என்பதால் விட்டேன், 'அன்ஷேக்கபிள்' சற்றுத் தாழ்ந்த சொல் என்பதால் விட்டேன் என்பது அதன் சாரம். இத்தீவின் சிறந்த ஆங்கிலமே அமெரிக்கர்களுக்கு அளவுகோலாக இருக்கட்டும் என்றும் சொன்னார். காலனியிலிருந்து வந்தவர், குடியேற்றத்தைக் குறிக்கும் சொல்லையே லண்டனுக்காக விட்டுக்கொடுத்தார் என்பதை இன்று படிக்கும்போது நாம் சற்று நின்றுவிடுகிறோம். தண்ணீர் குடித்த இளைஞன் எங்கே போனான்?

முற்றிலும் போய்விடவில்லை. 1768-இல் அதே மனிதர் ஆங்கிலத்தின் ஆறு எழுத்துகளைத் தள்ளி, ஆறு புதிய எழுத்துகளைச் சேர்த்து, ஒலிப்பதை அப்படியே எழுதும் ஒரு நெடுங்கணக்கை வகுத்தார். அதைச் சோதித்துப் பார்த்தவள் வீட்டுக்காரரின் மகள் மேரி, அவருக்குப் 'பாலி'. அவள் அந்தப் புதிய எழுத்துகளிலேயே மறுப்பை எழுதினாள். சொற்களின் வேர் மறைந்துபோகும், ஒரே ஒலியுடைய சொற்களைப் பிரித்தறிய முடியாது, இதுவரை எழுதப்பட்ட நூல்கள் பயனற்றுப்போகும் என்றாள். எழுத்து ஏற்கெனவே எவ்வளவோ மாறிவந்திருக்கிறது, தள்ளிப்போடப்போட மாற்றுவது இன்னும் கடினமாகும் என்றார் அவர். விவாதம் அங்கேயே நின்றது.

வேறொன்று முறியத் தொடங்கியிருந்தது. மாசச்சூசெட்ஸ் ஆளுநரின் கடிதங்கள் வெளியான விவகாரத்தில், 1774 ஜனவரியில் பிரிவி கவுன்சில் முன்னிலையில் அவர் நின்றபடியே வசைபாடப்பட்டார். அஞ்சல்துறைப் பதவியும் பறிபோனது. மறு ஆண்டு கப்பலேறினார். நியூ ஜெர்சியின் அரச ஆளுநராக இருந்த மகன் வில்லியம் மன்னர் பக்கமே நின்றார்; 1776-இல் கைதானார்; பின்னர் இங்கிலாந்தில் குடியேறினார். 1785-இல், பிரான்சிலிருந்து தாயகம் திரும்பும் வழியில், சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் தந்தையும் மகனும் சந்தித்தார்கள். நிலத்தையும் கடனையும் கணக்குப் பார்த்துத் தீர்த்துக்கொண்டார்கள். அதன்பின் அவர்கள் சந்திக்கவேயில்லை.

ஃபிலடெல்ஃபியாவில் முதியவரை நாடி நோவா வெப்ஸ்டர் என்ற இளம் ஆசிரியர் வந்தார். சுதந்திர நாட்டுக்கு ஆட்சியைப் போலவே மொழியிலும் சொந்த முறை வேண்டும் என்று வாதிட்ட அவர், 1789-இல் தம் கட்டுரை நூலை ஃபிராங்க்ளினுக்கே காணிக்கையாக்கினார். நன்றி கூறி எழுதிய ஃபிராங்க்ளின், தாம் பிரான்சில் இருந்த காலத்தில் உள்ளே புகுந்துவிட்ட 'நோட்டிஸ்', 'அட்வகேட்', 'புரோகிரஸ்' போன்ற புதிய வினைச்சொற்களைக் கண்டித்து ஒதுக்கும்படி கேட்டுக்கொண்டார். நெடுங்கணக்கையே புரட்டிப்போட முயன்றவருக்கு வீடு திரும்பியபோது வீட்டுப் பேச்சே அந்நியமாக ஒலித்தது. புலம்பெயர்ந்து திரும்பிய எவருக்கும் இது புரியும்.

வெப்ஸ்டர் தொடர்ந்தார். 1828-இல் சுமார் 70,000 சொற்களுடன் அவருடைய அமெரிக்க அகராதி வந்தது. 'டங்' என்னும் சொல்லை ஒலிப்படி எழுதச் சொன்னதை யாரும் ஏற்கவில்லை. 'ஆனர்', 'கலர்' ஆகியவற்றில் 'யு'வை நீக்கியது நிலைத்தது. விந்தை என்னவென்றால், அந்த அகராதியின் கையெழுத்துப் பிரதியை அவர் 1825-இல் முடித்தது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில். இன்னொரு விந்தை: 'யு' இல்லாத வடிவம் அமெரிக்காவின் கண்டுபிடிப்பே அல்ல. 1623-இல் அச்சான ஷேக்ஸ்பியர் தொகுப்பில் இரு வடிவங்களும் உண்டு. 1755-இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதிதான் 'யு'வுக்கு வலுச்சேர்த்தது. பீர் பைண்டும் இப்படித்தான். 1824-இல் அளவை மாற்றியது பிரிட்டன். பழைய ஆங்கிலேய ஒயின் கேலனை வைத்துக்கொண்டது அமெரிக்கா. அதனால்தான் இங்கே 568 மில்லிலிட்டர், அங்கே 473. எது மரபு, எது மீறல் என்பதைக் கடல் கடந்தவர் எளிதில் சொல்லிவிட முடியாது.

இதைப் படிக்கையில் நமக்கு நம் 'லை'யும் 'னை'யும் நினைவுக்கு வருகின்றன. பெரியார் 1935 முதல் தம் இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978-இல் ஏற்றது. கற்பவர்களுக்கு அது எளிமை, ஐயமில்லை. ஆனாலும் துதிக்கை வளைந்த பழைய 'லை'யை ஒரு குழந்தை தாத்தாவின் புத்தகத்தில் கண்டு தயங்கும்போது, பாலியின் மறுப்பில் ஒரு பங்கு உண்மை இருந்தது என்று தோன்றுகிறது. மாற்றம் வேண்டியதே, அதற்கு ஒரு விலையும் உண்டு.

பாலி 1786-இல் தன் பிள்ளைகளுடன் லண்டனை விட்டு ஃபிலடெல்ஃபியாவில் குடியேறினாள். 1790 ஏப்ரல் 17 அன்று ஃபிராங்க்ளின் இறந்தபோது அருகில் இருந்தவர்களில் அவளும் ஒருத்தி. மகனோ கடலுக்கு அப்பால், லண்டனில். எழுத்தைப் பற்றி அவரோடு கடைசிவரை உடன்படாதவள்தான் அவருக்காகக் கடல் கடந்து வந்திருந்தாள்.