சென்னை கண்ட ஆறு குருதித் துளிகள்

1981ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் புதிய நோயொன்றைக் கண்டு வெளியிட்டனர். மறு ஆண்டில் அதற்கு எய்ட்ஸ் எனப் பெயரிட்டனர். 1983இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தார் அதன் கிருமியைப் பிரித்தெடுத்தனர். நாமோ அதனை மேனாட்டார் நோயென்றே எண்ணியிருந்தோம். நம் குடும்ப ஒழுக்கமே நமக்கு அரண் என்று பேசாதார் அக்காலத்தில் அரியர்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன் அம்மையார் இதனை அப்படியே ஏற்கவில்லை. அவர் சென்னையில் தோல் வணிகம் செய்துவந்த மராத்தியக் குடும்பத்தினர். இந்நோய் இங்கும் உண்டா என ஆராயுமாறு தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவைப் பணித்தார்.

பாலியல் தொழிலுக்காகப் பிடிபட்ட பெண்களை அடைத்துவைத்திருந்த அரசுக் காப்பகத்திற்கு நிர்மலா பலமுறை சென்று குருதி எடுத்தார். கையுறையும் இல்லை. பிரித்த சீரத்தைத் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே காத்துவைத்தார். 1986 பிப்ரவரியில் அவரும் கணவரும் அவற்றைப் பனிக்கட்டிப் பெட்டியிலிட்டு, இரவு இரயிலில் காட்பாடி சென்று, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை அடைந்தனர். அங்குச் செய்த சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாயின. அந்த அறுவரிடமும் மீண்டும் எடுத்த குருதி அமெரிக்காவிலும் சோதிக்கப்பட்டது, ஐயம் நீங்கிற்று.

அப்பெண்களிடம் எந்நோயைத் தேடுகிறார்கள் என்பது கூறப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் நினைத்தனர். மறுக்க இயலாத நிலையில் இருந்தோரின் குருதியாலேயே நாடு இவ்வுண்மையை அறிந்தது. இதனை மறைத்து இவ்வரலாற்றை எழுதுதல் முறையன்று.

மே மாதத்தில் சட்டமன்றத்தில் சுகாதார அமைச்சர் எச். வி. ஹண்டே செய்தியை அறிவித்தார். நம்பாதவர் பலர். வடநாட்டுப் பெண்ணொருத்தி நம்மை இழித்துரைக்கிறாள் எனச் சினந்தோரும் உளர். வேற்றூரில் குடியிருக்கும் நமக்கு அச்சொல்லின் கூர்மை தெரியாததன்று.

இதற்கிடையே கிருமி காத்திருக்கவில்லை. விலைக்கு வாங்கிய குருதி வழியாகவும் அது பரவிற்று. உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, பணத்திற்குக் குருதி கொடுக்கும் வழக்கம் 1998 தொடக்கத்தில்தான் தடுக்கப்பட்டது.

1993இல் அம்மையார் அரசுப் பணியை விடுத்துத் தாமே ஒரு நிலையம் தொடங்கினார். அங்கு வந்த பெண்களுள் மிகப் பலர், கணவனையன்றிப் பிற ஆடவரை அறியாத இல்லத்தரசியர்.