ஆட்டக்காரர் யாருக்குச் சொந்தம்? என்.பி.ஏ. வீரர் மாற்றங்களின் வரலாறு

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் ஓர் அணி தன் வீரரை இன்னோர் அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு வேறு வீரரையோ பணத்தையோ புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பையோ பெற்றுக்கொள்வதை ‘டிரேட்’ என்கிறார்கள். இந்த ஆண்டு பட்டம் யாருக்கு என்று ரசிகர்கள் பேசத் தொடங்கினால், யாரைக் கொடுத்து யாரை வாங்கினார்கள், அதில் ஏமாந்தது எந்த அணி என்பதில்தான் பேச்சு போய் நிற்கும். இந்த வழக்கத்துக்கு ஏறத்தாழ எண்பது ஆண்டு வரலாறு உண்டு. அணி நிர்வாகிகளின் சாமர்த்தியமும் சறுக்கலும் அந்த வரலாற்றின் ஒரு பாதி. எந்த ஊரில் ஆடுவது என்பதைத் தாமே முடிவுசெய்யும் உரிமைக்காக வீரர்கள் நடத்திய போராட்டம் மறு பாதி.

தொப்பிக்குள் மூன்று பெயர்கள்

1946 ஜூன் 6 அன்று நியூயார்க்கில் கூடிய அரங்க உரிமையாளர்கள் 11 அணிகளுடன் ஒரு கூடைப்பந்துக் கூட்டமைப்பைத் தொடங்கினர். அவர்களில் பெரும்பாலோர் ஐஸ் ஹாக்கி நடத்தியவர்கள். ஹாக்கி இல்லாத இரவுகளிலும் அரங்கம் நிரம்ப வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். 1949இல் இது போட்டிக் கூட்டமைப்பு ஒன்றுடன் இணைந்து என்.பி.ஏ. ஆயிற்று. தொடக்க ஆண்டுகளில் கூட்டம் சேராமல் பல அணிகள் மூடப்பட்டன. மூடப்பட்ட அணியின் வீரர்களை மற்ற அணிகள் பங்கிட்டுக்கொண்டன.

1950இல் சிகாகோ ஸ்டாக்ஸ் அணி கலைந்தபோது மூன்று வீரர்களை யார் எடுப்பது என்பதில் நியூயார்க், பிலடெல்பியா, பாஸ்டன் அணிகளுக்குள் இழுபறி ஏற்பட்டது. மூன்று பெயர்களையும் சீட்டில் எழுதித் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கினார்கள். எல்லாரும் விரும்பிய மேக்ஸ் ஜஸ்லாஃப்ஸ்கி நியூயார்க்குக்கும், ஆண்டி ஃபிலிப் பிலடெல்பியாவுக்கும் போனார்கள். எஞ்சிய சீட்டு பாஸ்டனுக்கு வந்தது. அதில் இருந்த பெயர் பாப் கூசி. சில மாதங்களுக்கு முன்தான் பாஸ்டன் அவரை வேண்டாமென்று விட்டிருந்தது. அதே கூசி பிறகு பாஸ்டன் செல்டிக்ஸுக்காக ஆறு பட்டங்கள் வென்றார்.

குலுக்கலின் முடிவு கூசிக்கு நல்லதாக அமைந்தது. ஆனால் அவர் எங்கே ஆட வேண்டும் என்பதில் அவருடைய விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. அன்றைய ஒப்பந்தங்களில் தக்கவைப்பு விதி ஒன்று இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் வீரர்மீது அணிக்குள்ள உரிமை முடியாது. அந்த அணி சொல்லும் சம்பளத்துக்கு ஆடலாம், அல்லது ஆட்டத்தை விட்டுவிடலாம். வேறு அணிக்குப் போக வழியில்லை. வீரர்கள் இப்படிக் கட்டுண்டிருந்த காலத்தில்தான், 1954இல், கூசி என்.பி.ஏ. வீரர் சங்கத்தைத் தொடங்கினார்.

பட்டங்களைத் தந்த மாற்றங்கள்

1956இல் பாஸ்டன் பயிற்சியாளர் ரெட் ஆவர்பாக் செய்த மாற்றம் இன்றும் முன்னுதாரணமாகப் பேசப்படுகிறது. கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’டில் செயின்ட் லூயிஸ் ஹாக்ஸுக்கு இரண்டாவது இடம் இருந்தது. புகழ்பெற்ற எட் மெக்காலியையும் கிளிஃப் ஹேகன்மீது தமக்கிருந்த உரிமையையும் கொடுத்து, ஆவர்பாக் அந்த இடத்தை வாங்கி பில் ரஸ்ஸலைப் பெற்றார். மெக்காலியின் சொந்த ஊர் செயின்ட் லூயிஸ். அவருடைய மகன் அங்கே நோயுற்றிருந்ததால் மாற்றத்துக்கு அவரும் இசைந்தார். ஹாக்ஸ் 1958இல் பாஸ்டனையே வீழ்த்திப் பட்டம் வென்றது. ஆயினும் ரஸ்ஸல் 13 சீசன்களில் 11 பட்டங்கள் வென்றதால், ஏமாந்த அணி ஹாக்ஸ்தான் என்று பின்னாளில் தீர்ப்பாயிற்று.

1965 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ வாரியர்ஸ் தன் மாபெரும் வீரர் வில்ட் சேம்பர்லெய்னை பிலடெல்பியாவுக்குக் கொடுத்தது. பதிலுக்கு வந்தவை மூன்று வீரர்களும் 1,50,000 டாலரும். அந்த மூவரில் ஒருவரான லீ ஷாஃபர் வாரியர்ஸுக்காக ஒரு முறைகூடக் களமிறங்கவில்லை, கூடைப்பந்தையே விட்டுவிட்டார். மாற்றத்தை ஏற்காத வீரருக்கு அன்று இருந்த ஒரே வழி அது. 1967இல் பிலடெல்பியா பாஸ்டனின் எட்டு ஆண்டுத் தொடர் வெற்றியை முடித்து, இறுதியில் சேம்பர்லெய்னை விற்ற அதே வாரியர்ஸைத் தோற்கடித்துப் பட்டம் வென்றது.

உடை மாற்றும் அறையில் ஒரு வேலைநிறுத்தம்

1964 ஜனவரி 14 அன்று பாஸ்டனில் நட்சத்திர வீரர்களின் ஆண்டு ஆட்டம் நடக்கவிருந்தது. அமெரிக்கா முழுவதும் மாலை நேரத்தில் தொலைக்காட்சியில் காட்டப்படவிருந்த ஆட்டம் அது. ஓய்வூதியத்துக்கு உறுதி தராவிட்டால் களமிறங்க மாட்டோம் என்று பில் ரஸ்ஸல், ஆஸ்கர் ராபர்ட்சன், ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பேய்லர் உள்ளிட்ட வீரர்கள் உடை மாற்றும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உடனே வெளியே வராவிட்டால் நடப்பதே வேறு என்று லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் உரிமையாளர் பாப் ஷார்ட் தன் வீரர்களான வெஸ்ட்டுக்கும் பேய்லருக்கும் ஆள் அனுப்பி மிரட்டினார். அவர்கள் அசையவில்லை. கோரிக்கையை நிறைவேற்றுவதாக என்.பி.ஏ. தலைவர் வால்டர் கென்னடி வாக்குக் கொடுத்த பிறகே ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. சங்கத்தின் பேச்சை உரிமையாளர்கள் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

1967இல் ஏ.பி.ஏ. என்ற போட்டிக் கூட்டமைப்பு பிறந்தது. முந்தைய சீசனில் என்.பி.ஏ.வில் அதிகப் புள்ளிகள் குவித்த ரிக் பேரி, வாரியர்ஸை விட்டு ஏ.பி.ஏ.வின் ஓக்லாண்ட் அணிக்குப் போனார். வாரியர்ஸ் நீதிமன்றம் சென்றதால் ஒரு முழு சீசன் ஆட முடியாமல் இருந்தார். இருந்தும் இரண்டு கூட்டமைப்புகள் இருந்ததால் வீரர்களின் சம்பளம் ஏறியது. போட்டியைத் தவிர்க்க இரண்டும் இணைய முயன்றபோது, வீரர் சங்கத் தலைவராக இருந்த ராபர்ட்சன் 1970இல் வழக்குத் தொடுத்தார். இணைப்பும் தக்கவைப்பு விதியும் வணிகப் போட்டியைத் தடுக்கும் சட்டவிரோத ஏற்பாடுகள் என்பது அவர் வாதம். நீதிமன்றம் இணைப்புக்குத் தடை விதித்தது.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே நட்சத்திரங்கள் தங்கள் பலத்தை உணரத் தொடங்கினார்கள். மில்வாக்கியின் கரீம் அப்துல் ஜப்பார், நியூயார்க் அல்லது லாஸ் ஏஞ்சலஸுக்குத் தம்மை மாற்றும்படி கேட்டார். 1975இல் லேக்கர்ஸ் நான்கு வீரர்களைக் கொடுத்து அவரை வாங்கியது. லாஸ் ஏஞ்சலஸில் அவர் ஐந்து பட்டங்கள் வென்றார்.

ராபர்ட்சன் வழக்கு 1976இல் சமரசத்தில் முடிந்தது. அதன் பின்பே ஏ.பி.ஏ.வின் நான்கு அணிகள் என்.பி.ஏ.வில் சேர்ந்தன. தக்கவைப்பு விதி ஒழிந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரர் வேறு அணியுடன் பேசலாம் என்றானது. ஆனால் முழு விடுதலை உடனே கிடைக்கவில்லை. முதல் சில ஆண்டுகள், வீரரைப் பெறும் அணி பழைய அணிக்கு ஈடு கொடுக்க வேண்டியிருந்தது. 1979இல் பில் வால்டன் போர்ட்லாண்டிலிருந்து சான் டியாகோவுக்குப் போனபோது, வீரர்களும் டிராஃப்ட் வாய்ப்பும் பணமும் ஈடாகக் கைமாறின. பிறகு ஈடு நீங்கி, வெளி அணி தரும் சம்பளத்தைத் தானே தந்து வீரரை நிறுத்திக்கொள்ளும் உரிமை பழைய அணிக்குக் கிடைத்தது. எந்தத் தடையும் இல்லாமல் அணி மாறிய முதல் வீரர் டாம் சேம்பர்ஸ். அவர் 1988இல் சியாட்டிலை விட்டு ஃபீனிக்ஸ் அணியில் சேர்ந்தார். ராபர்ட்சன் வழக்குத் தொடுத்து அப்போது பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு வெகுகாலம் முன்பே அவர் ஓய்வு பெற்றிருந்தார்.

தவறுகளிலிருந்து பிறந்த விதிகள்

வீரர்களுக்கு உரிமைகள் வந்த அதே காலத்தில், அணிகளுக்குக் கட்டுப்பாடுகளும் வந்தன. 1980இல் கிளீவ்லாண்ட் அணியை வாங்கிய டெட் ஸ்டெப்பியன், வருங்கால டிராஃப்டின் முதல் சுற்று வாய்ப்புகளை அடுத்தடுத்துக் கொடுத்துச் சாதாரண வீரர்களை வாங்கினார். அந்த வாய்ப்புகளைக் கொண்டு டல்லஸ் அணி சாம் பெர்கின்ஸ், டெட்லெஃப் ஷ்ரெம்ப் போன்றவர்களைத் தேர்ந்தெடுத்து வலுப்பெற்றது. கிளீவ்லாண்ட் செய்யும் மாற்றங்களுக்குக் கூட்டமைப்பின் ஒப்புதல் வேண்டும் என்று கட்டளையிடும் அளவுக்கு நிலைமை முற்றியது. தொடர்ச்சியான இரண்டு வருங்கால ஆண்டுகளின் முதல் சுற்று வாய்ப்புகளை ஓர் அணி கைவிடக் கூடாது என்ற விதி அதனால் பிறந்தது. அந்த விதி இன்றும் ஸ்டெப்பியன் பெயரால்தான் வழங்குகிறது.

அடுத்த பெரிய கட்டுப்பாடு சம்பள உச்சவரம்பு. 1984–85 சீசனில் ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு 36 லட்சம் டாலர் வரம்பு வைக்கப்பட்டது. தன் சொந்த வீரரைத் தக்கவைக்க ஓர் அணி வரம்பைத் தாண்டலாம் என்று விலக்கும் தரப்பட்டது. வரம்பை மீறி நிற்கும் அணி மாற்றம் செய்தால், கொடுக்கும் சம்பளமும் வாங்கும் சம்பளமும் ஏறக்குறைய ஈடாக இருக்க வேண்டும். இதனால் ஆட்டத் திறன் மட்டும் பார்த்து வீரரை மாற்ற முடியாத நிலை வந்தது. ஒரு நட்சத்திரத்தை வாங்கக் கணக்கு நேராக வேண்டும் என்பதற்காகவே மூன்று, நான்கு பேரைக் கட்டாகச் சேர்த்து அனுப்ப வேண்டியிருக்கிறது. இன்றைய ரசிகர்கள் ஆட்டப் புள்ளிகளைப் போலவே ஒப்பந்தத் தொகைகளையும் மனப்பாடமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கூட்டமைப்பே நேரடியாக ஒரு மாற்றத்தை நிறுத்திய சம்பவமும் உண்டு. 2011 டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸ் அணி கிறிஸ் பாலை லேக்கர்ஸுக்குக் கொடுக்க முடிவு செய்தது. அப்போது அந்த அணியை வாங்க ஆளில்லாமல் என்.பி.ஏ.வே உரிமையாளராக இருந்தது. கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் அந்த உரிமையைப் பயன்படுத்தி மாற்றத்தை மறுத்தார். சில நாள்களில் பால் அதே நகரின் கிளிப்பர்ஸ் அணிக்குப் போனார். நடுவராக இருக்க வேண்டியவரே ஓர் அணியின் உரிமையாளராகவும் இருந்தது தவறு என்ற விமர்சனம் இன்றுவரை ஓயவில்லை.

வீரர்கள் முடிவெடுத்த காலம்

2010 ஜூலை 8 அன்று லெப்ரான் ஜேம்ஸ், கிளீவ்லாண்டை விட்டு மயாமியில் சேரப்போவதாகத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் அறிவித்தார். கிளீவ்லாண்ட் ரசிகர்கள் அவர் பெயர் பொறித்த சட்டைகளைத் தெருவில் கொளுத்தினார்கள். அவர் மயாமிக்கு இரண்டு பட்டங்கள் வாங்கித் தந்து, 2014இல் திரும்பி வந்து, 2016இல் கிளீவ்லாண்டுக்கு அதன் முதல் பட்டத்தைத் தந்தார். அதே 2016இல் சம்பள உச்சவரம்பு 7 கோடி டாலரிலிருந்து 9.41 கோடி டாலருக்கு ஒரேயடியாக உயர்ந்தது. அந்த இடைவெளியைப் பயன்படுத்தி, முந்தைய சீசனில் 73 ஆட்டங்கள் வென்ற கோல்டன் ஸ்டேட் அணி கெவின் டுரான்டையும் சேர்த்துக்கொண்டது. அடுத்த இரண்டு பட்டங்களும் அதற்கே கிடைத்தன.

நட்சத்திரம் தானே விலகிப் போகக்கூடும் என்ற அச்சம் வந்தபின், டிராஃப்ட் வாய்ப்புகளின் மதிப்பு ஏறியது. 2013இல் புரூக்ளின் அணி, வயதேறிய பால் பியர்ஸையும் கெவின் கார்னெட்டையும் வாங்க, மூன்று முதல் சுற்று வாய்ப்புகளையும் ஓர் ஆண்டில் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் பாஸ்டனுக்குக் கொடுத்தது. ஜேலன் பிரவுனும் ஜேசன் டேட்டமும் பாஸ்டனுக்குக் கிடைத்தது அந்த வழியில்தான். 2024இல் இருவரும் பட்டம் வென்றனர். 2019இல் ஓக்லஹோமா சிட்டி அணி பால் ஜார்ஜை கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து, ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டரையும் ஐந்து முதல் சுற்று வாய்ப்புகளையும் பெற்றது. 2025இல் அந்த இளைஞரின் தலைமையில் அது பட்டம் வென்றது.

ஏமாந்தது யார் என்பது எப்போதும் உடனே தெரிந்துவிடுவதில்லை. 2008இல் மெம்ஃபிஸ் அணி பாவ் கசோலை லேக்கர்ஸுக்குக் கொடுத்தது பகல் கொள்ளை என்று ஊரே பேசியது. லேக்கர்ஸ் 2009, 2010 பட்டங்களை வென்றது உண்மைதான். ஆனால் அந்த மாற்றத்தில் மெம்ஃபிஸுக்கு வந்தவற்றில் ஒன்று, பாவின் தம்பி மார்க் கசோல்மீதான உரிமை. 2013இல் அவர் என்.பி.ஏ.வின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது பெற்றார்.

டல்லஸ், 2025

2025 பிப்ரவரியில் டல்லஸ் அணி, 25 வயது லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்து ஆந்தனி டேவிஸை வாங்கியது. முந்தைய ஆண்டுதான் டான்சிச் அணியை இறுதிச் சுற்றுக்குக் கொண்டு சென்றிருந்தார். செய்தி வெளிவரும்வரை அவருக்கு எதுவும் தெரியாது. ரசிகர்கள் அரங்கத்தின் முன் சவப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துத் துக்கம் அனுசரித்தார்கள். பொது மேலாளர் நிகோ ஹாரிசனை நீக்கச் சொல்லி ஆட்டத்துக்கு ஆட்டம் முழங்கினார்கள். அந்த நவம்பரில் அவர் பதவி நீக்கப்பட்டார்.

என் சம்மதம் இல்லாமல் என்னை மாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள, ஒரு வீரர் என்.பி.ஏ.வில் எட்டு ஆண்டுகளும், அவற்றில் நான்கு ஆண்டுகள் அதே அணியிலும் ஆடியிருக்க வேண்டும். அந்தப் பாதுகாப்பு டான்சிச்சுக்கு இல்லை. ஒப்பந்தம் முடிந்தபின் போகும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை ராபர்ட்சன் தலைமுறை வென்று தந்தது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை ஊர் மாற்றும் அதிகாரம் 1950இல் போலவே இன்றும் அணியிடம்தான் இருக்கிறது. அந்த உரிமைப் போராட்டத்தில் வீரர்கள் வென்றது பாதிதான்.