இல்மனைட்

குச்சவெளிப் பிரதேசத்துப் புல்மோட்டைக் கரையிலுள்ள கறுப்பு மணலில் பெரும்பகுதி இல்மனைட். பெயர் ருசியாவிலிருந்து வந்தது: யூரல் தொடரின் இல்மன் மலைகளில் கிடைத்த கனிமத்துக்கு 1827இல் இட்டார்கள். அதற்கு முன்பே, 1791இல், இங்கிலாந்தின் கோர்ன்வால் ஓடை மணலில் வில்லியம் கிரேகர் இதையே ஆராய்ந்து டைட்டானியத்தைக் கண்டறிந்திருந்தார். அந்த ஓடை இருந்த ஊரின் பெயரால் வழங்கிய மெனக்கனைட் என்ற சொல் நிலைக்கவில்லை, நியாயமில்லைதான்.

பொருள்: இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஒட்சைட்டு. வெள்ளைப் பெயின்ற்றுக்கு நிறம் தருவது இந்தக் கறுப்பிலிருந்து எடுக்கும் டைட்டானியம் ஈரொட்சைட்டே! இதிலுள்ள இரும்பு பெரும்பாலும் இருவலு நிலையில் இருக்கும். காற்றும் நீரும் பட்டுப்பட்டு மூவலு நிலைக்கு மாறும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது, ருடோல்ஃப் மோஸ்பவர் 1958இல் வெளியிட்ட கண்டுபிடிப்பில் பிறந்த காமாக் கதிர் நிறமாலை முறை. நிலக்கரியிலுள்ள பைரைட் என்ற இரும்புக் கனிமம், எரிந்தபின் சாம்பலில் ஹெமடைட் என்ற இரும்பு ஒட்சைட்டாக மாறுவதையும் அதே முறையால் காணலாம்.