வழக்கு, தவறுகையால் தள்ளுபடி

வாதி வாய்தாவுக்கு வராமலோ நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றாமலோ இருந்தால், வழக்கின் நியாயத்துக்குள் போகாமலே உரிமையியல் வழக்கை நீக்கிவிடும் நடைமுறை. 'டீஃபால்ட்டில் போய்விட்டது' என்பது நீதிமன்ற வட்டாரப் பேச்சு. பிரதிவாதி வராதபோது தரப்படும் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு (எக்ஸ்பார்ட்டி) இதன் மறுபக்கம்.

பழைய நூல்கள். காலம் குறித்து அறிஞரிடையே ஒத்த கருத்தில்லாத அர்த்தசாஸ்திரம், பிரதிவாதி மறுமொழி சொல்ல மூன்று அல்லது ஏழு இரவு தவணை தருகிறது. வாதியோ அன்றே பதில் சொல்ல வேண்டும், தவறினால் தோற்றவன். அது கூறும் காரணம் சுவையானது: வாதி எல்லாம் தீர்மானித்துக்கொண்டு வந்தவன், பிரதிவாதி அப்படியல்லன். நாரத ஸ்மிருதி வழக்கில் தாழ்ந்துபோவோர் ஐவரைச் சொல்கிறது. வராதவனும், அழைத்ததும் ஓடிப்போகிறவனும் அதில் தனித்தனி வகை.



சட்டத் தொகுப்புகள். சென்னை மாகாணத்தில் 1802ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் ஜில்லா நீதிமன்றங்களை அமைத்தன. உரிமையியல் நடைமுறை 1859இல் முதன்முறையாக ஒரே சட்டமாகத் தொகுக்கப்பட்டது. 1877, 1882 ஆண்டுகளில் மாற்றி எழுதப்பட்டது.

இன்றுள்ள 1908ஆம் ஆண்டுச் சட்டம் 1909 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின் கட்டளை 9 யார் வரவில்லை என்று பார்த்தே விளைவை வகுக்கிறது. இரு தரப்பும் வராமல் தள்ளுபடியானால் (விதி 3) காலவரம்புக்குள் புது வழக்கே போடலாம். பிரதிவாதி வந்து நிற்க வாதி மட்டும் வராவிட்டால் (விதி 8), அதே வழக்குமூலத்தில் மறுபடி வழக்கிட முடியாது. பழைய வழக்கைக் கோப்பில் எடுக்கும்படி, வராததற்குத் தக்க காரணம் காட்டி மனுப் போடுவதே வழி. மனுவுக்குக் கெடு 30 நாள். பிரதிவாதி ஒப்புக்கொண்ட தொகை இருந்தால் அந்த அளவுக்குத் தீர்ப்பாணை உண்டு. சம்மனுக்குப் பேட்டா கட்டாததால் பிரதிவாதிக்கு அது சார்வாகாமல் (சேர்க்கப்படாமல்) போனாலும் வழக்கு தள்ளுபடியாகலாம் (விதி 2). சார்வாகாமல் திரும்பிய சம்மனுக்கு மறு சம்மன் கோரும் கெடு, ஒரு மாதமாக இருந்தது, 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஏழு நாளானது. அத்திருத்தம் 2002 ஜூலையில்தான் அமலானது. ஆவணங்களைக் காட்டும்படி இட்ட உத்தரவை மீறும் வாதியின் வழக்கைத் தள்ளுபடி செய்ய இடந்தருவது கட்டளை 11, விதி 21.

சாட்சியத்துக்குத் தவணை வாங்கிய வாதி அன்று வராவிட்டால் அது தவறுகையா, தகுதி பார்த்த தீர்ப்பா என்பதில் உயர் நீதிமன்றங்கள் வேறுபட்டன. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் கட்டளை 17ஐத் தெளிவாக்க முயன்றது. வாதம் முற்றிலும் ஓய்ந்ததாகச் சொல்வதற்கில்லை.

உச்ச நீதிமன்றம். நடைமுறைச் சட்டம் ஆளைத் தடுக்கி விழவைக்கும் தண்டனைச் சட்டமல்ல என்ற கருத்தை 1955இல் நீதிபதி விவியன் போஸ் முன்வைத்தார். 1981இல் வக்கீல் வராததால் தள்ளுபடியான ஒரு மேல்முறையீட்டை நீதிபதி டி. ஏ. தேசாய் மீட்டுக்கொடுத்தார். வக்கீலை நம்பி ஊரில் இருக்கும் கிராமத்தானைத் தண்டிக்கலாகாது என்பது காரணம், செலவுத்தொகை ரூ. 200ஐ வராத வக்கீலே தர வேண்டும் என்றது தீர்ப்பு. அடிவாரத்துக் காரவள்ளிக்கு 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல் போகும் கொல்லிமலை வாதிக்கும் இது பொருந்தும். 1998இல், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வழக்கொன்றில், 883 நாள் தாமதமும் மன்னிக்கப்பட்டது.

அண்மைக்காலம். 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டம் எதிர்வழக்குரைக்கு 120 நாளுக்கு மேல் இடந்தரவில்லை. வாய்தா தேதிகளை இ-கோர்ட்ஸ் செயலியில் பார்க்கலாம்.