சில்லின் மேல் பொறித்த எண்: ஓவர்கிளாக்கிங்கின் சிறு வரலாறு

கணினிச் செயலி ஒன்றின் மேல் 300 மெகா ஹெர்ட்ஸ் என்று பொறித்திருந்தால், இரும்பின் உருகுநிலையைப் போல அதுவும் அப்பொருளின் இயல்பு என்றே நாம் வாசித்துப் பழகிவிட்டோம். உண்மையில் அந்த எண் ஒரு வாக்குறுதி. இந்த மின்னழுத்தத்தில், இந்த வெப்பநிலைக்குள், இந்த வேகத்தில் பிழையின்றி இயங்கும் என்று செய்தவர் தரும் உறுதிமொழி. ஒரே சிலிக்கான் தகட்டிலிருந்து வெட்டியெடுத்த சில்லுகள் சோதிக்கப்பட்டு, தரம் பிரிக்கப்பட்டு, வெவ்வேறு எண்களைப் பெறுகின்றன. மலிவான சில்லுக்குத் தேவை மிகும்போது, விரைந்து ஓட வல்லதும் தாழ்ந்த எண்ணோடு சந்தைக்கு வருவதுண்டு. வாக்குறுதிக்கும் மெய்யான எல்லைக்கும் நடுவிலுள்ள இடைவெளி யாருக்கு உரியது? ஓவர்கிளாக்கிங்கின் வரலாறு பெரும்பாலும் இந்தக் கேள்வியின் வரலாறே.

1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகா ஹெர்ட்ஸ். அதிலிருந்த இன்டெல் 8088 செயலி 5 மெகா ஹெர்ட்ஸ் வரை இயங்க வல்லது. பிறகு ஏன் இந்த விந்தையான எண்? விடை தொலைக்காட்சியில் இருக்கிறது. தாய்ப்பலகையில் 14.318 மெகா ஹெர்ட்ஸ் படிகம் ஒன்று இருந்தது. அதை நான்கால் வகுத்தால் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்குரிய 3.58 கிடைக்கும், மூன்றால் வகுத்தால் செயலிக்குரிய 4.77. ஒரு படிகம் இரு பணிகளைச் செய்தது. ஆக, அந்த வேகத்தை முடிவு செய்தது சில்லின் ஆற்றல் அன்று, சிக்கனம்.

1984இன் ஐபிஎம் ஏடி 6 மெகா ஹெர்ட்ஸில் ஓடியது. அதன் படிகம் 12 மெகா ஹெர்ட்ஸ். செயலி அதில் பாதியைப் பெற்றது. பயனர்கள் சிலர் அந்தப் படிகத்தைக் கழற்றி 16 மெகா ஹெர்ட்ஸ் படிகத்தைப் பொருத்தினர். வேகம் 8 ஆனது. ஐபிஎம் பின்னர் வெளியிட்ட பயாஸ், தொடக்கத்திலேயே வேகத்தை அளந்து, மிகுந்திருந்தால் இயங்க மறுத்தது. வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையிலான இழுபறி இவ்வாறு தொடங்கியது.

1992இல் வந்த 486டிஎக்ஸ்2 கணக்கை மாற்றியது. வெளியே 33 மெகா ஹெர்ட்ஸ், உள்ளே அதன் இருமடங்கு. அன்றுமுதல் செயலியின் வேகம் அடிப்படைக் கடிகாரத்தையும் பெருக்கியையும் பெருக்கிவரும் தொகை. பெருக்கியை உயர்த்தினால் செயலி மட்டும் விரைகிறது. அடிப்படைக் கடிகாரத்தை உயர்த்தினால் அதனோடு பிணைந்த நினைவகமும் பிற பாதைகளும் சேர்ந்து இழுபடுகின்றன. மூன்றாவது அமைப்பு மின்னழுத்தம். அதைக் கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் விரைந்து மாறும். ஆனால் இயக்கத்தில் செலவாகும் மின்திறன் வேகத்திற்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்திலும் வளர்கிறது. மின்னழுத்தத்தை மட்டும் 10 விழுக்காடு கூட்டினாலே அச்செலவு 21 விழுக்காடு கூடிவிடும். அது முழுவதும் வெப்பமாகவே வெளிவருகிறது.

இந்தக் கணக்கு மிக அழகாகப் பொருந்திய இடம் 1998இன் செலரான் 300ஏ. 66 மெகா ஹெர்ட்ஸை 4.5ஆல் பெருக்க 300. பெருக்கி பூட்டப்பட்டிருந்தது, அடிப்படைக் கடிகாரமோ தாய்ப்பலகையின் கையில் இருந்தது. அதை 100 ஆக்கினால் 450. பிசிஐ பாதைக்கு வேண்டியது 33 மெகா ஹெர்ட்ஸ். 66ஐ இரண்டால் வகுத்தாலும் 100ஐ மூன்றால் வகுத்தாலும் அதுவே கிடைக்கும் என்பதால் பிற உறுப்புகளுக்குச் சுமையில்லை. மலிவான சில்லு, பன்மடங்கு விலையுள்ள பென்டியம் II 450க்கு ஈடாக நின்றது.

பெருக்கியைப் பூட்டியதற்கு இன்டெல் சொன்ன காரணம் புறந்தள்ளக்கூடியதன்று. குறைந்த வேகச் சில்லின் எண்ணை அழித்து, உயர்ந்த எண்ணைப் பொறித்து விற்கும் மோசடி அக்காலத்தில் பரவியிருந்தது. தன் சில்லைத் தானே விரைவுபடுத்துபவர் இடரை அறிந்து ஏற்கிறார். பொய்யெண்ணை வாங்குபவருக்கோ தாம் இடரில் இருப்பதே தெரியாது. செயல் ஒன்றே, அறம் வேறு. ஆனால் பூட்டு இருவரையும் ஒன்றாகவே நடத்தியது.

உறுதிமொழியை நிறுவனமே மீறிய தருணமும் உண்டு. 2000 மார்ச்சில் ஏஎம்டியும் இன்டெலும் சில நாள் இடைவெளியில் 1 கிகா ஹெர்ட்ஸை எட்டின. அதே ஆண்டு வெளிவந்த 1.13 கிகா ஹெர்ட்ஸ் பென்டியம் III நிலையாக இயங்கவில்லை. ஆகஸ்டில் இன்டெல் அதைத் திரும்பப் பெற்றது. 2004இல் 4 கிகா ஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தையும் கைவிட்டது. வெப்பம் என்னும் சுவர் எல்லோருக்கும் பொதுவானது.

2011இல் சாண்டி பிரிட்ஜ் தலைமுறையோடு அடிப்படைக் கடிகாரம் ஏறக்குறைய 100 மெகா ஹெர்ட்ஸில் கட்டுண்டது. பெருக்கியை விரும்பியவாறு உயர்த்த 'கே' என்னும் எழுத்தைத் தாங்கிய, விலை கூடிய செயலியை வாங்க வேண்டியிருந்தது. பயனர்கள் கண்டெடுத்த இடைவெளி விற்பனைப் பொருளாயிற்று. இதற்கிடையே 2008 முதல் டர்போ பூஸ்ட் வழியாகச் செயலியே தன் வெப்பத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து, இடமிருக்கும்போது தானே விரைகிறது. எஞ்சிய இடைவெளியையும் இவ்வாறு சில்லே உண்டுவிடுகிறது.

தொழில்நுட்ப வரலாற்றைப் பயிலும் மாணவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. விவரக்குறிப்பு அட்டவணையில் காணும் எண்ணை அளவீடாக மட்டும் வாசிக்கக் கூடாது. அதில் இயற்பியல் இருக்கிறது. சிக்கனம், சந்தை, அச்சம், நம்பிக்கை ஆகியனவும் இருக்கின்றன. யார் யாருக்கு, எதன் பொருட்டு அளித்த உறுதிமொழி அது என்று கேட்கும்போதுதான் அந்த எண் வரலாற்று ஆவணமாகத் திறக்கிறது.